ஏற்காட்டில் மரத்தரை: தை கிரகப்பிரவேசத்துக்கு முன்பா, பங்குனி வரை பொறுக்கலாமா?

நாகலூர்_வீடு:
எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். எனக்கு வேலை சேலத்தில். வாரக் கடைசியில் மேலே போய்த் தங்கத்தான் இந்த வீடு, அம்மா மட்டும் கோடையில் அங்கேயே இருப்பார். கீழே ஒரு ஹால், மேலே இரண்டு படுக்கை அறை. மூன்றிலும் தேக்குப் பலகையில் மரத்தரை போட வேண்டும் என்று ஆசை. பலகை 4 அங்குல அகலம், முக்கால் அங்குல கனம், சூளையில் உலர்த்தியது. சித்திரையில் சேலத்தில் ஒரு டிப்போவில் வாங்கினேன், இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

சிக்கல் நாளில்தான். ஜோசியர் தையில் முகூர்த்தம் குறித்துக் கொடுத்துவிட்டார். தரை போடுகிறவர் தனக்கு ஐப்பசிக் கடைசியில் ஆட்கள் கிடைப்பார்கள், கார்த்திகையிலேயே இறங்கி முடித்துவிடலாம் என்கிறார். மச்சானைக் கேட்டால் மழையில் மரம் போடாதே, ஊதி எழும்பிவிடும், பங்குனி வரை பொறு என்கிறார். அதைத் தரை போடுகிறவரிடம் சொன்னால் அவர் சிரிக்கிறார். மழைக்காலத்தில்தான் போட வேண்டுமாம், அப்போது மரம் ஊதவேண்டிய அளவுக்கு ஊதியிருக்கும், அதற்குமேல் எங்கே எழும்பப் போகிறது என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மலையில் மரத்தரை போட்டவர்கள், போட்டுக் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அம்மா தனியாக ஒரு பக்கம் "பேசாமல் சிவப்பு ஆக்சைடு போடு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், அது வேறு கதை.

சுருக்கமாச்_சொல்றேன்:
எஸ்பிசி போடுங்க, கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த தரைப்பலகை. மரம் மாதிரியே இருக்கும், தண்ணீர் கொட்டினாலும் ஒன்றும் ஆகாது. முடிந்தது.

மரவேலை_அழகாபுரம்:
சார், மச்சான் சொன்னதும் சரி, தரைக்காரர் சொன்னதும் சரி. ஆனால் பலகை இப்போது எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை பாருங்கள், விஷயமே அதில்தான்.

மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குத் தகுந்தபடி ஈரத்தை ஏற்றிக்கொள்ளும், இறக்கிக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் மரத்தின் ஈரம் 6 அருகே போய் நிற்கும், 50 என்றால் 9, 65 என்றால் 12, 80 என்றால் 16, 90ஐத் தொட்டால் 20. இது ஓரிரு நாளில் நடக்காது, வாரக்கணக்கில் மெதுவாக நடக்கும். சேலத்தில் சித்திரை வெயிலில் டிப்போவில் கிடந்த சூளைப் பலகை 8 அல்லது 9ல் இருந்திருக்கும், இப்போது மழை ஆரம்பித்ததில் கொஞ்சம் ஏறியிருக்கலாம். அதை அப்படியே லாரியில் ஏற்றி, கார்த்திகையில் மஞ்சு (மூடுபனி) வீட்டுக்குள்ளேயே புகுந்து போகிற ஊரில் இறக்கி, இறக்கிய வேகத்தில் அடித்தால் என்ன ஆகும்? "மழைக்காலத்தில் மரம் ஊதித்தான் இருக்கும்" என்று தரைக்காரர் சொல்வது அந்த வீட்டிலேயே கிடந்து அந்தக் காற்றைக் குடித்த மரத்துக்குப் பொருந்தும். உங்கள் மரம் கீழே அல்லவா கிடக்கிறது? நாள் மழைக்காலம், பலகை கோடைக்காலம்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். தேக்கு மற்ற மரங்களை விடக் குறைவாகத்தான் ஆடும். சாதாரண அறுப்புப் பலகை ஒரு சதவீத ஈரத்துக்கு அகலவாக்கில் 0.00186 பங்கு விரியும். உங்கள் ஹால் 12 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஏறக்குறைய 3660 மில்லிமீட்டர். ஈரம் 9லிருந்து 15க்கு ஏறினால் 3660ஐ 6ஆல் பெருக்கி, அதை 0.00186ஆல் பெருக்குங்கள். 40 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது! சுவரோரம் இரண்டு பக்கமும் 12 மில்லிமீட்டர் விட்டாலும் 24தான். ஆணியும் பசையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்பதால் கணக்கு முழுதாக அப்படியே நடக்காது, ஆனால் மிச்சம் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். ஒன்று பலகை ஓரம் தூக்கிக்கொண்டு நடு குழியும், இல்லை நடு ஹாலில் மேடு கட்டி எழும்பும். சிவப்பு ஓக் மாதிரி மரமாக இருந்தால் இதே கணக்கு இரண்டு மடங்கு. நீளவாக்கில் கவலையே வேண்டாம், அந்தப் பக்கம் அசைவு கண்ணுக்கே தெரியாது.

உங்கள் பலகையில் ரேகை எப்படி ஓடுகிறது என்று ஒரு தடவை பாருங்கள். முனையில் வளையக் கோடுகள் செங்குத்தாக நின்றால் அசைவு ஏறக்குறைய பாதிதான். டிப்போவில் அப்படிப் பொறுக்கி எடுக்க விட மாட்டார்கள், விட்டாலும் விலை வேறு.

சேர்வராயன்_காப்பி:
தம்பி, காப்பிக்காரனுக்கு இது தெரிந்த விவகாரம்தான். பார்ச்மென்ட் காப்பியை, அதாவது உள்தோலோடு இருக்கும் கொட்டையை, 10 சதவீத ஈரம் வரைக்கும் காயவைத்துத்தான் மூட்டை பிடிப்போம். அந்த மூட்டையை மார்கழிப் பனியில் மலை மேலேயே குடோனில் போட்டுவைத்தால் மறுபடி ஈரம் குடித்துவிடும், கொட்டை வெளுத்துப்போகும், விலை கேட்கவே ஆள் இருக்காது. அதனால்தான் காய்ந்த கையோடு கீழே இறக்கிவிடுகிறோம். நீங்கள் நேர் எதிராக, கீழே காய்ந்ததைக் கொண்டுவந்து மேலே ஏற்றுகிறீர்கள்.

பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சேலத்துக் கணக்கை இங்கே போடாதீர்கள். சேர்வராயன் மலைக்கு ஆனி ஆடியிலிருந்தே மழை உண்டு, அப்புறம் ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை, அது ஓய்ந்தால் மார்கழி மஞ்சு. மழை நின்றுவிட்டதே என்று மார்கழியில் தைரியமாக வேலை ஆரம்பிப்பார்கள், ஆனால் துணி காயாத மாதம் அதுதான். பொங்கல் தாண்டி, தைக் கடைசியிலிருந்து மாசி முழுக்க, பங்குனி பாதி வரை, இதுதான் உலர்ந்த காலம். பங்குனிக் கடைசியில் காப்பி பூக்க ஒரு மழை வரும், வர வேண்டும் என்று நாங்கள் வேண்டிக்கொண்டிருப்போம், நீங்கள் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வீர்கள்! சித்திரை, வைகாசியில் இடிமழை வேறு. அதோடு மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நகராது, பலகை லாரியும் வராது, ஆசாரியும் வரமாட்டார். அதனால் பங்குனி வரை பொறுப்பானேன்? மாசி போதும்.

கல்லும்மண்ணும்:
எல்லோரும் மேலே இருக்கும் காற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கட்டட வேலை பார்க்கிறவள், எனக்கு அடியில் இருப்பதுதான் கவலை. கீழ் ஹாலில் தரைக் கான்கிரீட் எப்போது போட்டீர்கள்? அதற்கு அடியில் பாலிதீன் விரித்தீர்களா? வீட்டுக்குப் பின்னால் மேட்டை வெட்டியிருக்கிறீர்களா?

நாகலூர்_வீடு:
அக்கா, மேல் தளத்து ஸ்லாப் சித்திரையில் போட்டது. கீழ் ஹால் தரைக் கான்கிரீட் ஆவணியில், 4 அங்குலம். பாலிதீன் எதுவும் விரிக்கவில்லை, மேஸ்திரி தேவையில்லை என்றார். பின்பக்கம் மேடுதான், தடுப்புச்சுவர் கட்டியிருக்கிறோம். 28 நாள் கடந்துவிட்டதே, காய்ந்திருக்காதா?

கல்லும்மண்ணும்:
28 நாள் என்பது வலு ஏறுகிற கணக்கு தம்பி, காய்கிற கணக்கு இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு மரத்தரையைக் கெடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். கான்கிரீட் காய்வதற்கு எங்கள் ஆட்கள் சொல்லும் தோராயக் கணக்கு, மாதத்துக்கு ஒரு அங்குலம். அதுவும் கூரை மூடி, மழை படாமல், காற்று உலர்ந்திருந்தால்தான். ஆவணியில் போட்ட 4 அங்குலம் நல்ல காலத்திலேயே மார்கழி வரை இழுக்கும். நீங்கள் போட்டதோ மழையில். சுற்றியுள்ள காற்றே 90 சதவீத ஈரத்தில் நிற்கும்போது கான்கிரீட் தன் ஈரத்தை எங்கே போய்க் கொட்டும்?

மேல் ஸ்லாப் அப்படியில்லை. மேலேயும் கீழேயும் இரண்டு பக்கமும் காற்று படுகிறது, சித்திரை வெயிலையும் பார்த்திருக்கிறது. கீழ்த்தரைக்கு ஒரே முகம்தான், அடியில் மண். பாலிதீன் இல்லாவிட்டால் மண்ணின் ஈரம் நுண்துளை வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும், அதற்குக் காய்ந்து முடிகிற நாள் என்று ஒன்று கிடையாது. மலைச் சரிவில் மேட்டை வெட்டி உட்கார்ந்த வீட்டில் இது இன்னும் மோசம். தடுப்புச்சுவர் மண்ணைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, ஓட்டைக் குழாய் போட்டுத் தண்ணீரை ஓரமாக இழுத்து விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்த மாதத்தில் போட்டாலும் கீழே மரத்தரை ஒரு மழைக்காலம்தான் தாங்கும்.

இன்றைக்கே ஒரு சோதனை செய்யலாம், செலவே இல்லை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலிதீன் துண்டை எடுத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுத் தரையோடு ஒட்டிவிட்டு ஒரு நாள் விடுங்கள். பிரித்துப் பார்த்தால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீரோ, தரையில் கறுப்புத் திட்டோ தெரிந்தால் பேச்சே வேண்டாம், ஈரம்தான். ஆனால் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கலாம். சரியான சோதனை துளை போட்டு உள்ளே கருவி வைத்துப் பார்ப்பது. ஒரு முகமாகக் காய்கிற தரை என்றால் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளை போட வேண்டும், 4 அங்குலத்துக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். துளைக்குள் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழ் காட்டினால் நிம்மதி. பசை போட்டு ஒட்டுவதாக இருந்தால் அந்தப் பசை டின்னில் எவ்வளவு வரை தாங்கும் என்று எழுதியிருப்பார்கள், அதைப் படிக்காமல் இறங்காதீர்கள்.

சுருக்கமாச்_சொல்றேன்:
இதற்குத்தான் எஸ்பிசி என்றேன்.

கல்லும்மண்ணும்:
எஸ்பிசி என்பது சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் கலந்தது, ஈரத்துக்கு அசையாது, ஒத்துக்கொள்கிறேன். வெயிலுக்கு அசையும். சேலத்தில் மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடிக் கதவு வைத்து, சித்திரையில் மூன்று மணி வெயில் நேராகத் தரையில் விழும் வீட்டில் இணைப்பு தூக்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். மலையில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அடியில் ஈரம் ஏறிக்கொண்டே இருந்தால் பலகை நன்றாக இருக்கும், அதற்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் பூஞ்சை பிடித்து வீடு முழுக்க வாடை அடிக்கும். பூட்டியே கிடக்கும் வாரக்கடைசி வீட்டில் கதவைத் திறந்ததும் அதுதான் வரவேற்கும்.

லேமினேட் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதன் நடு அட்டை அழுத்திய மரத்தூள், தண்ணீர் பட்டால் இணைப்பு ஓரம் ஊதும், ஊதினது திரும்ப இறங்காது.

சூரமங்கலம்_செல்வி:
நாகலூர் தம்பி, சேலத்தில் எங்கள் வீட்டில் மேல் மாடியில் மரத்தரை. போட்டவர்கள் நல்ல கார்த்திகை மழையில், பலகையை இறுக்கி அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மழையில் ஒன்றுமே ஆகவில்லை, எல்லோரும் பாராட்டினார்கள். பங்குனி வந்தது, வெளியே 38, 40 என்று வெயில், உள்ளே ராத்திரி பகல் ஏசி. பலகைக்குப் பலகை ஒரு ரூபாய் நாணயம் செருகுகிற அளவுக்குச் சந்து விட்டுவிட்டது. கூப்பிட்டுக் கேட்டால் "மரம்னா அப்படித்தான் மேடம்" என்ற பதில்தான். மழை வந்தால் கொஞ்சம் மூடிக்கொள்கிறது, வெயில் வந்தால் மறுபடி திறக்கிறது. குழந்தைகள் பென்சில் சீவின தூளெல்லாம் அதற்குள்தான்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. மரத்தரை போட்டு முடித்த புது வீட்டில் கிரகப்பிரவேசம் பண்ணப் போகிறீர்களா? யோசித்தீர்களா? பசுவும் கன்றும் உள்ளே வரும். வருகிற மாடு சும்மா போகாது, கோமியம், சாணி எல்லாம் மங்களம்தான், ஆனால் தேக்குப் பலகையில்? குளம்பு வழுக்கி மாடு மிரண்டால் என்ன செய்வீர்கள்? நடு ஹாலில் செங்கல் அடுக்கி ஹோமம், நெய் தெறிக்கும், கலசத் தண்ணீரை வீடு முழுக்கத் தெளிப்பார்கள், ஐம்பது பேர் ஈரக் காலோடு நடப்பார்கள். சிமெண்ட் தரையில் பால் காய்ச்சிக் குடித்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு மரம் போடுங்கள். கதவு நிலை வைத்து, கூரை முடிந்து, அடுப்புப் பற்றவைக்க இடம் இருந்தால் சாஸ்திரத்துக்குப் போதும் என்று எங்கள் வீட்டு ஐயரே சொன்னார். முகூர்த்தத்துக்கும் தரைக்கும் முடிச்சுப் போட்டது நீங்கள்தான்.

நாகலூர்_வீடு:
அக்கா, மாட்டை நான் யோசிக்கவே இல்லை!

மரவேலை_அழகாபுரம்:
செல்வி மேடம் வீட்டில் நடந்ததுதான் நான் சொன்னதற்கு மறுபக்கம். ஈரத்தில் இறுக்கி அடித்தால் வெயிலில் சந்து. காய்ந்தபோது இறுக்கி அடித்தால் மழையில் மேடு. அதனால் நல்ல மாதம் என்று ஒன்றைத் தேடாதீர்கள். அந்த வீட்டுக்குள் வருடத்தில் அதிக ஈரம் எவ்வளவு, குறைந்த ஈரம் எவ்வளவு என்று பார்த்து, இரண்டுக்கும் நடுவில் பலகை இருக்கும்போது போட வேண்டும். மாசியில் போட்டால் பலகை வருடத்திலேயே காய்ந்த நிலையின் அருகே இருக்கும், அப்போது சுவரோரம் தாராளமாக விட வேண்டும், 12 அடி ஹாலில் நடுவிலும் சில வரிசைக்கு ஒருமுறை தகடு செருகி மெல்லிய இடைவெளி விட்டு அடித்து, பிறகு தகட்டை உருவிவிடலாம். மழைக்காலத்தில் போட்டே ஆக வேண்டும் என்றால் பலகை அந்த வீட்டிலேயே கிடந்து ஈரம் ஏறியிருக்க வேண்டும், அப்போது இறுக்கி அடிக்கலாம், கோடையில் மயிரிழைச் சந்து விழும் என்று தெரிந்தே அடிக்க வேண்டும். சந்தாவது பரவாயில்லை, மேடு கட்டினால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

பலகையை வீட்டில் போட்டுப் பழக்குவது என்றால் கட்டோடு மூலையில் சாய்த்துவைப்பது இல்லை. பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள், பிளாஸ்டிக் சுற்றுகூடப் பிரிக்காமல்! கட்டை அவிழ்த்து, அடியில் ரீப்பர் வைத்துத் தரையிலிருந்து தூக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் குச்சி வைத்து, சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். எத்தனை நாள் என்று என்னைக் கேட்காதீர்கள், மீட்டரைக் கேளுங்கள். ஊசி வைத்த மாய்ஸ்ச்சர் மீட்டரால் அதே சில பலகைகளை வாரம் ஒருமுறை குத்திப் பாருங்கள், எண் நகராமல் நின்றால் மரம் அந்த வீட்டோடு ஒத்துப்போய்விட்டது. நாள் கணக்கு வைத்து அடிப்பவர்கள்தான் பிறகு போனை எடுப்பதில்லை.

இன்னொன்று, இதெல்லாம் பூச்சு, பட்டி, பெயிண்ட், பாத்ரூம் டைல்ஸ் எல்லாம் முடிந்து, ஜன்னல் கண்ணாடி மாட்டிய பிறகுதான். பூச்சு காயும்போது விடுகிற தண்ணீரை எல்லாம் பலகைதான் குடிக்கும்.

சேர்வராயன்_காப்பி:
மீட்டர் என்றதும் என்னிடம் வராதீர்கள், காப்பிக்கு வைத்திருப்பது கொட்டைக்கான கணக்கு, மரத்தில் வைத்தால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும்.

வீட்டுக்குள் சுவரில் காற்றின் ஈரப்பதம் காட்டும் ஈரமானி ஒன்றை மாட்டி இன்றையிலிருந்தே எழுதி வையுங்கள், சில நூறு ரூபாய்தான். ஆனால் மலிவுக் கருவி பொய் சொல்லும், முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு மூடியில் சமையல் உப்பைக் கொட்டி, சேறு மாதிரி ஆகும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, கருவியோடு சேர்த்து ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடிவிடுங்கள். ஒரு நாள் கழித்து 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அந்தக் கருவிக்கு எப்போதும் ஒரு 5 சேர்த்துப் படியுங்கள்.

அப்புறம் நீங்கள் ஊரில் இல்லாத நாள்தான் மரத்துக்குச் சோதனை. வந்தவுடன் காற்றோட்டம் வேண்டும் என்று காலை ஏழு மணிக்கு ஜன்னலை எல்லாம் திறந்துவிடுவார்கள், வீட்டுக்குள் மஞ்சு வந்து சோபாவில் உட்காரும். பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறினதும் திறந்து, மூன்று மணிக்குள் மூடுங்கள். குளிர்காலத்தில் கணப்போ ஹீட்டரோ கொஞ்சம் போட்டாலே போதும். 15 டிகிரியில் ஈரம் நிரம்பி நிற்கிற காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 65 அருகே இறங்கிவிடும், தண்ணீர் அப்படியேதான் இருக்கும், காற்றுக்குத் தாகம் கூடிவிடும். வாடகை பங்களாக்காரர்கள் பெரிய பணம் கொடுத்து ஈரம் உறிஞ்சும் எந்திரம் வைக்கிறார்கள். கம்ப்ரெசர் வைத்தது குளிரில் சோம்பும், மலைக்கு வாங்குவதானால் விசாரித்து வாங்குங்கள்.

பழைய தோட்டத்து பங்களாக்களில் மரத்தரை எப்படி நின்றது என்று கேட்பார்கள். அவர்கள் மரத்தைக் கான்கிரீட்டோடு ஒட்டவில்லை. தரையை உயர்த்தி, சட்டம் போட்டு, அடியில் காற்று ஓட சுவரில் ஓட்டை விட்டு, அதன் மேல் பலகை அடித்தார்கள். நாம்தான் அந்த ஓட்டையைப் பாம்பு வருகிறது என்று அடைத்துவிட்டோம்.

கொட்டச்சேடு_கிச்சா:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் வெட்டிக் கிடக்கிறது, அனுமதி வாங்கித்தான் வெட்டியது. அதையே அறுத்துத் தரைக்குப் போட்டால் என்ன? தேக்கு விலைக்கு எங்கே போவது?

மரவேலை_அழகாபுரம்:
வேண்டாம் தம்பி. மிளகுக் கொடி ஏற, நிழல் கொடுக்க, பெட்டி அடிக்க நல்ல மரம். கரையானுக்கு விருந்து. பச்சை மரத்தை அறுத்து நிழலில் காயவைக்கவே ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்று கணக்கு. சுவர்ப் பலகை, கட்டில் அடிப்பலகைக்கு மருந்து போட்டுப் பயன்படுத்துங்கள். தேக்கிலேயே வைரம் பாய்ந்த பகுதிக்குத்தான் கரையான் அஞ்சும், ஓரத்து வெள்ளையைத் தின்றுவிடும்.

நாகலூர்_வீடு:
எல்லோருக்கும் நன்றி, சொன்னதை எல்லாம் செய்து பார்த்தேன். ஹாலில் பாலிதீனை ஒட்டிவிட்டு மறுநாள் பிரித்தால் உள்ளே தண்ணீர் முத்து, தரையில் சதுரமாகக் கறுப்பு. பின்சுவருக்கு அருகே ஒட்டிய துண்டில் இன்னும் அதிகம். மேலே அறைகளில் துண்டு சுத்தமாக இருந்தது, ஆனால் தெரிந்த என்ஜினியர் ஒருவர் துளை போட்டுப் பார்த்ததில் 82. டிப்போவில் பலகை 10. வீட்டுக்குள் ஈரமானி, உப்பு வைத்துச் சரிபார்த்த பிறகு, காலையில் 94, மதியம் 81. தடுப்புச்சுவருக்குப் பின்னால் குழாய் இல்லை என்று மேஸ்திரி இப்போதுதான் சொல்கிறார்.

அதனால் கார்த்திகையில் மரம் இல்லை என்று தரைக்காரரிடம் சொல்லிவிட்டேன், அவருக்குக் கொஞ்சம் வருத்தம். மேல் அறைகளை மாசியில் பார்த்துக்கொள்ளலாம். கீழ் ஹால்தான் புரியவில்லை. தை வரை வெறும் கான்கிரீட்டாகவா விடுவது? அம்மா கேட்ட சிவப்பு ஆக்சைடு பற்றி யாராவது சொல்லுங்கள். அதற்கும் இந்த ஈரம் ஆகாதா?

கல்லும்மண்ணும்:
அம்மாவுக்கு ஒரு கும்பிடு போடுங்கள். ஆக்சைடு தரைக்குக் கணக்கு தலைகீழ். அது சிமெண்ட், அதற்கு ஈரம் வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் போட்டால் தண்ணீர் மளமளவென்று ஏறிப்போய் மேல்பரப்பு கீறல் விடும், எத்தனை சாக்கு நனைத்துப் போட்டாலும் போதாது. உங்கள் ஊர் கார்த்திகைக் காற்று அதற்குத் தாய்வீடு. மெதுவாக இறுகும், கீறல் குறையும். ஒரு வாரம் பத்து நாள் ஈரம் காயாமல் வைத்திருந்து, அப்புறம் நன்றாக உலரவிட்டுத் தேங்காய் எண்ணெயோ மெழுகோ போட்டுத் தேய்த்தால் தைக்குள் பளபளக்கும். மாடு தாராளமாக வரலாம்.

ஆனால் முதலில் பின்சுவர். மண் ஈரம் சிமெண்ட்டைக் கெடுக்காது, ஆனால் உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வந்து சிவப்புத் தரையில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், துடைக்கத் துடைக்க வரும். அதனால் மழை இடைவெளி விடும்போது சுவருக்குப் பின்னால் தோண்டி ஜல்லியும் குழாயும் போட்டுத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, அதன் பிறகு ஆக்சைடு. இரண்டாவது, ஆள். கையால் கரணை பிடித்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுகிற மேஸ்திரிகள் குறைந்துவிட்டார்கள். போட்டோ காட்டுகிறவரை நம்பாதீர்கள், அவர் போட்டு இரண்டு மழைக்காலம் பார்த்த தரை ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள்.

சூரமங்கலம்_செல்வி:
ஹாலில் ஆக்சைடு, மாடியில் மரம். வெறும் காலில் படுக்கை அறையில்தானே குளிர் தெரியும், மரம் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

சுருக்கமாச்_சொல்றேன்:
ஆக்சைடு தரை மழைக்காலத்தில் வியர்க்கும். வழுக்கும்.

சேர்வராயன்_காப்பி:
வியர்க்கும், உண்மைதான். ராத்திரிக் குளிரில் ஜில்லென்று கிடக்கிற தரை மேல் பகலில் ஈரக் காற்று வந்து படும்போது பூக்கிற நீர் அது, கிரானைட்டிலும் டைல்ஸிலும் இதேதான். ஒரு துணி போட்டால் போச்சு. மரம் எழும்பினால் துணி போட முடியுமா?

மரவேலை_அழகாபுரம்:
அப்போ மாடிக்கு மட்டும் என் கணக்கு. பொங்கல் முடிந்து மழை விட்டதும் பலகையை மேலே ஏற்றுங்கள், தார்ப்பாய் போட்டு, காய்ந்த நாளாகப் பார்த்து. அந்த அறைகளிலேயே குச்சி வைத்து அடுக்குங்கள். ஸ்லாப்பில் அதே துளையில் மறுபடி பாருங்கள், 82 தானாக 75க்குக் கீழ் வரும், ஜன்னல் மாட்டி மதியம் திறந்துவைத்தால் சீக்கிரம் வரும். வராவிட்டால் பசை வேலைக்குப் போகாதீர்கள். 200 மைக்ரான் பாலிதீன் விரித்து, ஓரங்கள் அரை அடி ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி டேப் போட்டு, சுவரோரம் கொஞ்சம் மேலே மடித்து, அதன் மேல் தண்ணீர் தாங்குகிற பிளைவுட் போட்டுப் பலகை அடிக்கலாம். பிளைவுட் ஈரத்துக்கும் பலகை ஈரத்துக்கும் 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது, அதனால் பிளைவுட்டையும் பலகையோடு சேர்த்தே ஏற்றிவிடுங்கள்.

பாலிஷ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேல்முகத்துக்கு மட்டும் அடித்து அடிமுகத்தை வெறுமனே விட்டால் அந்தப் பக்கம்தான் ஈரம் குடித்து வளையும், அடிமுகத்துக்கும் ஒரு கை சீலர் கொடுங்கள். எந்தப் பாலிஷும் ஈரத்தை நிறுத்தாது, தாமதப்படுத்தும், அவ்வளவே. முதல் மழைக்காலத்தில் ஓரம் லேசாகத் தூக்கினால் உடனே மிஷின் வைத்துத் தேய்க்காதீர்கள், காய்ந்ததும் அதுவாக இறங்கும். தூக்கியிருக்கும்போது தேய்த்தால், இறங்கிய பிறகு ஓரம் பள்ளமாகி நடு மேடாக நிற்கும், அதற்கு மருந்து கிடையாது.

நாகலூர்_வீடு:
சரி அண்ணா, அப்படியே செய்கிறேன். அடுத்த வாரம் பின்சுவர் வேலை ஆரம்பம். ஆக்சைடு மேஸ்திரி ஒருவர் வாழவந்தியில் இருப்பதாகச் சொல்கிறார்கள், போட்ட தரையை அம்மாவே வந்து பார்ப்பாராம். ஊசி மீட்டர் எங்கே வாங்குவது? ஒரு வீட்டுக்காக வாங்க வேண்டுமா என்று யோசனை.

மரவேலை_அழகாபுரம்:
வாங்காதீர்கள். தைக் கடைசியில் அழகாபுரம் வந்து என்னுடையதை எடுத்துக்கொண்டு போங்கள், மாசி முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும். பேட்டரி மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், போன தடவை வாங்கிப்போனவர் தீர்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.